பதின்மூன்றாவது இடத்தில் ஒரு புள்ளி

(நோணாங்குப்பத்தில் ஊர்மக்களும் செயலி உருவாக்கம் பயிலும் இளைஞர்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் இந்த ஊருக்குப் பேருந்தில் வந்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு தம்பி போனில் ஏதோ செயலியைத் திறந்து நிறுத்தங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம் இல்லைதான். ஆனால் இருபது வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டராக இருந்தவனுக்கு அடுத்தவர் கையில் இருக்கும் எழுத்தைப் படிக்காமல் இருக்க முடியாது. பட்டியலில் தவளக்குப்பம் என்று சுத்தமாக இருந்தது. அடுத்த வரியில் உங்கள் ஊர். ஆனால் கடைசி ம-வுக்குத் தலையில் புள்ளி இல்லை. 'நோணாங்குப்பம' என்று நின்றது.

கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். புள்ளி வரவில்லை. தம்பியிடம் காட்டினேன். "அது அப்படித்தான் சார் வரும்" என்றார். அவருக்குப் பழகிவிட்டது. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. பக்கத்து ஊருக்குக் கொடுத்த புள்ளியை இந்த ஊருக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

எழுந்து உட்கார்ந்து ஒரு தாளில் எண்ணிப் பார்த்தேன். இன்று நான் பேசப் போவதெல்லாம் அந்தத் தாளில் இருந்ததுதான்.

நோணாங்குப்பம் என்பதில் எத்தனை எழுத்து? முன்வரிசைக் குழந்தைகள் சொல்லுங்கள். நோ, ணா, ங், கு, ப், ப, ம். ஏழு. தொல்காப்பியரைக் கேட்டாலும் ஏழுதான். ஆனால் போனுக்குள் இந்தப் பெயர் ஏழாக உட்காருவதில்லை. உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுக்கும் யூனிகோடு என்ற ஏற்பாட்டில், தமிழுக்கு 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே இடம் கிடைத்தது. அதற்கு முன் இந்திய அரசு வகுத்திருந்த இஸ்கி என்ற முறையின் சாயலில்தான் அந்த இடம் அமைந்தது. உயிர் தனி, அகரமேறிய மெய் தனி, கால், கொம்பு, கொக்கி எல்லாம் தனி, புள்ளி தனி. அந்தக் கணக்குப்படி ந ஒன்று, ஓகாரக் குறி இரண்டு, ண மூன்று, கால் நான்கு, ங ஐந்து, அதன் புள்ளி ஆறு, க ஏழு, உகரக் குறி எட்டு, ப ஒன்பது, புள்ளி பத்து, இன்னொரு ப பதினொன்று, ம பன்னிரண்டு, கடைசிப் புள்ளி 13.

தவளக்குப்பத்தை எண்ணினேன். த, வ, ள, க, புள்ளி, க, உகரக் குறி, ப, புள்ளி, ப, ம, புள்ளி. சரியாக 12.

புரிந்துவிட்டது. அந்தச் செயலியைக் கட்டியவர் ஊர்ப் பெயருக்கு 12 இடம் ஒதுக்கியிருக்கிறார். தவளக்குப்பம் மூச்சை அடக்கி உள்ளே நுழைந்துவிட்டது. நோணாங்குப்பத்துக்கு வால் வெளியே நின்றது, கதவைச் சாத்தியதில் புள்ளி துண்டாகிவிட்டது. ஆங்கிலத்தில் இந்த ஊரை எழுதினால் 11 எழுத்து. அவர் அதைத்தான் சோதித்துப் பார்த்திருப்பார். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆங்கிலத்தில் கட்டி முடித்து, ஓடுகிறதா என்று பார்த்து, கடைசி வாரத்தில் 'தமிழையும் போட்டுவிடு' என்று ஒருவரிடம் கொடுப்பார்கள். வீட்டைக் கட்டி முடித்த பிறகு பாட்டிக்கு எங்கே கட்டில் போடுவது என்று யோசிப்பதைப் போல.

இந்தப் புள்ளிக்கு நம் ஊர்ப் பக்கத்தில் பழைய கதை ஒன்று உண்டு. ஆற்றைத் தாண்டினால் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமி கீறல்கள் உண்டு. சுட்ட மண், வளைந்த முதுகு, கையில் ஒரு கூரான முள். அதுதான் அவர்களுக்குத் திரை. பிறகு ஓலை வந்தது. ஓலையில் எழுத்தாணியை அழுத்திப் புள்ளி வைத்தால் ஓட்டை விழும், நரம்போடு கிழியும். அதனால் ஏட்டில் எழுதியவர்கள் புள்ளியையே விட்டுவிட்டார்கள். குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுதான். அந்த முறைப்படி உங்கள் ஊர் 'நொணாஙகுபபம' என்று இருந்திருக்கும். படிக்கிறவர்தான் எங்கே ஒற்று, எங்கே உயிர்மெய், எது நெடில் என்று இடம் பார்த்துப் படிக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டுக்கு வடிவம் கொடுத்தார். அச்சு வந்தபின் புள்ளியும் நிலைத்தது. ஓலைக்காரர் புள்ளியை விட்டதற்கு ஓலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற காரணம் இருந்தது. பன்னிரண்டு இடம் ஒதுக்கியவருக்கு என்ன காரணம்?

சரி, நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன். 1981இல் புதுச்சேரியில் ஒரு சின்ன அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்து, மரக் கேஸ், கையில் ஸ்டிக். எழுத்துச் சீர்திருத்தத்துக்கு 1978இல் தமிழ்நாடு அரசு ஆணை போட்டிருந்தது. ணா, றா, னா, ணை, லை என்று 13 எழுத்துகளின் சுருட்டிய பழைய வடிவம் போய், கால் போட்ட வடிவமும் இணைக்கொம்பு வடிவமும் வந்தன. ஆனால் அச்சகத்தில் ஈயம் இருக்கும்வரை யார் தூக்கிப் போடுவார்கள்? என் கேஸில் பழைய ணா இருந்தது. திருமணப் பத்திரிகையில் நோணாங்குப்பம் என்று கோக்க, முதலில் இரட்டைச் சுழிக் கொம்பை எடுப்பேன், அப்புறம் ந, அப்புறம் கால், அப்புறம் ஒரே துண்டாகப் பழைய ணா, பிறகு ங், கு, ப், ப, ம். ஒன்பது துண்டு. புதிய எழுத்து வந்தபோது ணாவுக்கு இரண்டு துண்டு, ஆகப் பத்து. கேஸில் பெட்டிகள் குறைந்தன, கைவேலை கொஞ்சம் கூடியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் போனுக்குள்ளும் ஒரு கம்பாசிட்டர் இருக்கிறார். அவரைத் தெரியாமல் யாரும் தமிழ்ச் செயலி செய்ய முடியாது.

நீங்கள் 'நோ' என்று அடிக்கும்போது போன் எழுதிவைப்பது ந, அதற்குப் பின் ஓகாரக் குறி. நாம் சொல்லும் வரிசை. காதுக்கான வரிசை. ஆனால் கண்ணுக்கு வேண்டிய வரிசை வேறு. கொம்பு முன்னே, ந நடுவே, கால் பின்னே. ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ந-வைத் தாண்டி முன்னால் கொண்டுபோக வேண்டும். ங-வையும் புள்ளியையும் சேர்த்து ஒரே உருவாக்க வேண்டும். க-வும் உகரக் குறியும் சேர்ந்தால் 'கு' என்று வேறொரு உருவம் வரும், அதை எடுக்க வேண்டும். பதின்மூன்று எண்களை வாங்கிக்கொண்டு, நான் கேஸிலிருந்து எடுத்தேனே, அந்தப் பத்துத் துண்டுகளைப் போல வரிசையாகக் கோத்து வைக்கிற வேலை இது. ஆண்ட்ராய்டு போனில் இதைச் செய்யும் மென்பொருளின் பெயர் ஹார்ஃப்பஸ். பாரசீகச் சொல், திறந்த எழுத்து என்று பொருள். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதை வளர்த்தவர். அரபி எழுத்து சேர்ந்து சேர்ந்து ஓடுவதால் அவர்களுக்கும் நமக்கு இருந்த அதே தலைவலி. தலைவலி இருந்தவர்தான் மருந்து கண்டுபிடித்தார்.

இந்தக் கம்பாசிட்டர் வேலைக்கு வருவதற்கு முன் நாம் பட்ட பாடு இங்கே இருக்கும் இளைஞர்களுக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் கணினியில் தமிழ் என்றால் ஒவ்வொரு பத்திரிகைக்கும் ஒரு எழுத்துரு, ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு கணக்கு. அவர்களுடைய எழுத்துரு உங்களிடம் இல்லையென்றால் திரையில் தொப்பி வைத்த, மூக்குத்தி போட்ட ரோமன் எழுத்துகள் கொட்டும். பார்த்தால் பிரெஞ்சு மாதிரி இருக்கும். புதுச்சேரியில் எந்தப் பிரெஞ்சுக்காரரிடம் கொடுத்தாலும் படிக்க மாட்டார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரிலும் 1999இல் சென்னையிலும் தமிழிணைய மாநாடுகள் கூடின. தமிழ் 99 விசைப்பலகை சென்னையில் பிறந்தது. யூனிகோடு நம் இலக்கணத்துக்கு எதிரானது, மெய்க்குத் தனி எண் வேண்டும், 247-க்கும் இடம் வேண்டும் என்று வாதாடியவர்களும் உண்டு. அவர்கள் வாதத்தில் நியாயம் இருந்தது. க் என்பதை 'க, பிறகு புள்ளி' என்று எழுதிவைப்பது தொல்காப்பியத்தைத் தலைகீழாகப் படிப்பது போலத்தான். 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும், அனைத்து எழுத்துகளுக்கும் இடம் தரும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. ஆனால் உலகம் யூனிகோடு பாதையில் போய்விட்டது, போனும் அதோடு போய்விட்டது. பர்மியர்கள் யூனிகோடு ஒன்று, அதற்கு ஒத்துவராத முறை இன்னொன்று என்று இரண்டோடும் பல ஆண்டு அல்லாடிவிட்டு, 2019 அக்டோபர் 1ஆம் தேதியைக் குறித்துவைத்து நாடு முழுவதும் யூனிகோடுக்கு மாறினார்கள். நாம் அந்த விதத்தில் கொஞ்சம் முன்பே கரையேறியவர்கள்.

போனில் தமிழ் தெரிந்ததற்கு மலேசியாவின் முத்து நெடுமாறனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். எண்பதுகளின் நடுவிலேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கியவர். 2005 பொங்கலையொட்டி சிங்கப்பூரில் செல்லினம் வெளிவந்தது. அன்றைய பொத்தான் போனுக்குத் தமிழ் என்றால் என்னவென்றே தெரியாது. அதனால் செயலியே எழுத்துகளைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்த் திரையில் வரைந்தது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போன கதை.

தொடக்கக் கால ஆண்ட்ராய்டு போன்களில் தமிழ் எழுத்துரு கிடையாது. கட்டம் கட்டமாக வரும். அப்போது ஓப்பரா மினி உலாவியில் ஒரு ரகசிய வழி இருந்தது. அமைப்புப் பக்கத்துக்குள் நுழைந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்று ஒரு இடத்தில் 'ஆம்' போட்டால் தமிழ் வரும். எங்கோ ஒரு கணினியில் எழுத்தைக் கோத்து, அதைப் படம் பிடித்து, படத்தை உங்கள் போனுக்கு அனுப்புவார்கள். அந்த வழியை ஒருவருக்கொருவர் நாட்டு மருந்து போலச் சொல்லிக்கொண்டோம். சிக்கலான எழுத்து என்று யாருக்குத் தோன்றியது என்பது வேறு விஷயம். ஐந்து வயதுப் பிள்ளை எழுதுகிறது.

இன்றைக்கு எழுத்துரு இருக்கிறது, கம்பாசிட்டர் இருக்கிறார். பிறகு ஏன் புள்ளி தொலைகிறது? எழுத்தைக் கோப்பது அவர் வேலை, ஆனால் இடம் ஒதுக்குவது செயலி செய்கிறவரின் வேலை. அச்சகத்தில் பக்கத்தைச் சட்டத்துக்குள் பூட்டிப் பாரம் கட்டுகிறவர் அதை இறுக்கிவிட்டால் நான் எவ்வளவு அழகாகக் கோத்தும் பயனில்லை.

எண்ணிக்கையால் வெட்டுவதைச் சொல்லிவிட்டேன். குறுஞ்செய்தியிலும் இதே கணக்குதான். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து, தமிழில் 70 இடம். உங்கள் ஊர்ப் பெயரை ஐந்து முறை எழுதினால் 65 போய்விடும். நறுக்கத்தான் வேண்டும் என்றால் எழுத்து எழுத்தாக நறுக்குங்கள், எண் எண்ணாக நறுக்காதீர்கள். 'ங்' என்பது உங்கள் நிரலுக்கு இரண்டாக இருக்கலாம். வாசகருக்கு ஒன்று. இப்படி முழு எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி இன்று ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் இருக்கிறது. கேட்டால் தரும், நாம் கேட்பதில்லை.

உயரத்தாலும் வெட்டு விழும். ஆங்கிலத்துக்கு அளந்து செய்த பொத்தானுக்குள் தமிழைப் போட்டால், மேலே 'ப்' இன் புள்ளி கூரையில் முட்டும், கீழே 'ளு', 'ழு' இவற்றின் வால் தரையில் நசுங்கும். கூகுளின் நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் தமிழுக்கு இரண்டு வகை செய்தார்கள். ஒன்று படிப்பதற்கு. இன்னொன்று பட்டியல், பொத்தான் போன்ற குட்டை இடங்களுக்காக மேல்கீழ் உயரத்தை அடக்கியது. நெருக்கடிக்கு அது சரி. அதைக் காரணம் காட்டிக் குட்டையான பெட்டியையே செய்துகொண்டிருக்கக் கூடாது. புதுச்சேரி வெள்ளை நகரத்தில் நீல நிறத் தெருப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுக்கு ஒரு வரி, தமிழுக்கு ஒரு வரி. துய்மா வீதி என்று எழுதிய ஓவியர் தமிழ் வரிக்குத் தனியாக மேலும் கீழும் இடம் விட்டிருப்பார். அவருக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள், கைக்குத் தெரியும்.

தடித்த எழுத்து இன்னொரு வம்பு. எழுத்துருவில் தடித்த வகை இல்லாவிட்டால் போன் தானே மையை ஊற்றிப் பெருக்கிவிடும். 'ண' இன் சுழிகள் அடைத்துக்கொள்ளும், 'ண' எது 'ன' எது என்று தேட வேண்டும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, சாய்வெழுத்தும் நம் வழக்கம் இல்லை. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் அளவைக் கூட்டுங்கள், நிறத்தை மாற்றுங்கள். அளவைப் பற்றி ஒன்று. தரங்கம்பாடி அச்சகத்துக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன, அதனால் பொறையாற்றில் சின்ன எழுத்து வார்த்தார்கள். காகிதம் பஞ்சம், சரி. போன் திரையில் என்ன பஞ்சம்? விரலால் தள்ளினால் தாள் வந்துகொண்டே இருக்கிறது. பயனர் தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் செயலியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஆண்ட்ராய்டில் எழுத்தளவை எஸ்பி என்ற அலகில் கொடுத்தால் அது தானாக நடக்கும். ஆண்ட்ராய்டு 14இல் இரண்டு மடங்குவரை பெரிதாக்கலாம். அப்படிப் பெரிதாக்கிப் பார்த்து உங்கள் செயலி உடைகிறதா என்று பாருங்கள். என் மனைவி போனில் எல்லாச் செயலியும் உடைகிறது.

வரி மடக்குவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. நம் சொற்கள் நீளம். இரண்டு ஓரமும் நேராக இருக்க வேண்டும் என்று இறுக்கினால் குறுகிய திரையில் சொல்லுக்குச் சொல் வாய்க்கால் ஓடும். இடது ஓரம் நேராக இருந்தால் போதும். சொல்லை உடைக்க நேர்ந்தால் அடுத்த வரி ஒற்றெழுத்தில் தொடங்கக் கூடாது. இது அச்சகத்தில் நான் முதல் வாரத்தில் கற்ற பாடம், அதற்காகத் தலையில் குட்டும் வாங்கியிருக்கிறேன்.

இனி வெட்டிலேயே பெரிய வெட்டு. இதற்கு நாம் வீராம்பட்டினம் போக வேண்டும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து நம் பகுதிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் மீனவர்களுக்கு வேண்டியது அலை உயரம். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலுக்கான கணிப்பு கிடைத்தது. அதை இறக்கி, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்க வைத்தார்கள். திரையில் காட்டினால் மையத்துக்கு வருகிறவர் மட்டும் படிப்பார். ஒலிபெருக்கி வலை பின்னுகிறவரையும் எட்டும். 2004 டிசம்பர் 26 அன்று நல்லவாட்டில், சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் தொலைபேசியில் சொன்ன எச்சரிக்கையை அதே போன்ற ஒலிபெருக்கிதான் ஊருக்குச் சொன்னது. பிறகு இதே நிறுவனம் மீனவர்களுக்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றைச் செய்தது. அலை, காற்று, மீன் கிடைக்கும் இடம், கடல் எல்லை எல்லாம் தமிழில் கையிலேயே வந்தன. இப்போது திரை படகில் இருக்கிறது. உச்சி வெயில், உப்பு படிந்த கண்ணாடி, ஆடுகிற தளம், ஒரு கையில் சுக்கான். சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து போட்டு அழகு பார்க்கிற இடமா அது? பின்னணிக்கும் எழுத்துக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது நாலரைக்கு ஒன்று இருக்க வேண்டும் என்று உலக வலைத் தரம் சொல்கிறது. நம் கடலில் அதற்கு மேலும் வேண்டும். '2.5 மீட்டர்' என்பதில் அந்தப் புள்ளி தெரியாவிட்டால் அலை 25 மீட்டர் ஆகிவிடும். அதுவும் ஒரு புள்ளிதான்.

நான் சொல்ல வந்த பெரிய வெட்டு இதுவும் இல்லை. போன் பூட்டியிருக்கும்போது மேலே ஒரு வரி அறிவிப்பு வருகிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் முடிந்தால் மூன்று புள்ளி போட்டு நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் 'வேண்டாம்' என்பதற்கான சொல் வாக்கியத்தின் தலையில் வரும். வால் வெட்டுப்பட்டாலும் தடை புரிந்துவிடும். தமிழில் வினை கடைசியில். அதனோடு ஒட்டிக்கொண்டு எதிர்மறையும் கடைசியில். 'மீனவர்கள் இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்ற செய்தி எங்கே வெட்டுப்படும்? 'மீனவர்கள் இன்று கடலுக்குச் செல்ல' என்று நிற்கும். அதற்குப் பிறகு மூன்று புள்ளி. அந்த மூன்று புள்ளியை ஒருவர் 'வேண்டாம்' என்று படிப்பார், இன்னொருவர் 'லாம்' என்று படிப்பார். வெட்டவே கூடாத சொல்லை வெட்டி, அர்த்தத்தைக் கவிழ்த்துவிட்டோம். எழுத்துருவில் குறை இல்லை, கம்பாசிட்டரும் ஒழுங்காகக் கோத்திருக்கிறார். வாக்கியத்தை அமைத்தவர் ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், திரையின் நீளம் அவருக்குச் சொல்லப்படவில்லை.

வேறு மாதிரி எழுதலாம். 'போகாதீங்க' என்று கரையில் நின்று கத்துகிறவர் முதலில் அதைத்தான் கத்துவார், காரணத்தை அப்புறம் சொல்வார். 'கடலுக்குத் தடை. அலை 3 மீட்டர். நாளை காலை வரை.' ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. எங்கே வெட்டினாலும் முன்னால் இருப்பது பொய்யாகாது. மாத்திரை நேரம் சொல்லும் செயலி, பணம் போய்ச் சேராததைச் சொல்லும் வங்கிச் செயலி எல்லாவற்றிலும் இதே ஆபத்து இருக்கிறது. 'உங்கள் பணம் அனுப்பப்பட' என்று நின்ற அறிவிப்பைப் பார்த்து நான் அரை மணி நேரம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். திறந்து பார்த்தால் 'வில்லை'.

இளைஞர்கள் அடிக்கடி கேட்பது, இவ்வளவு தொல்லைக்கு எழுத்தைப் படமாகவே போட்டுவிட்டால் என்ன என்று. போடலாம், பலர் போடுகிறார்கள். அரசு அறிவிப்பே வாட்ஸ்அப்பில் படமாகத்தான் சுற்றுகிறது. ஆனால் கண் தெரியாதவருக்குப் படித்துக்காட்டும் குரல் படத்தின் முன் ஊமையாகிவிடும். தேடினாலும் கிடைக்காது. எழுத்தாக வைத்தாலும் தேடலில் ஒரு சூட்சுமம் உண்டு. 'நோ' என்பதை ந-வும் ஓகாரக் குறியுமாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம், ந-வும் ஏகாரக் குறியும் காலுமாக மூன்று எண்ணாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, யூனிகோடும் இரண்டும் ஒன்றே என்று சொல்கிறது. ஆனால் ஒரே மாதிரி ஆக்காமல் ஒப்பிட்டால் உங்கள் ஊரை உங்கள் ஊரே இல்லை என்று செயலி சொல்லிவிடும்.

இவ்வளவும் சேர்ந்ததால்தான் நான் இந்த ஊர்ப் பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பிளந்துபோகும் ஓகாரம் இதில் இருக்கிறது, சீர்திருத்தம் கண்ட ணா இருக்கிறது, உருவம் மாறும் கு இருக்கிறது, தலையில் மூன்று புள்ளி இருக்கிறது. சுண்ணாம்பாற்றுப் படகு குழாமுக்கு வருகிற பயணிக்கு இது ஒரு இடம். எனக்கு இது ஒரு அச்சுப் புரூஃப். செயலியில் முதல் பெட்டியைச் செய்தவுடன், வேறு எந்தச் சொல்லையும் போடுவதற்கு முன் இதைப் போட்டுப் பாருங்கள்.

போன் வைத்திருப்பவர்கள் இப்போது எடுங்கள். பாட்டிமார்களும் எடுக்கலாம். ஊர்ப் பெயரைத் தமிழில் முழுதாக அடியுங்கள். ஆயிற்றா? இனி அழிக்கிற பொத்தானை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். ஒரு தடவைதான், தம்பி. யார் போனில் முழு எழுத்தும் போயிற்று, யார் போனில் புள்ளி மட்டும் போயிற்று, கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.